பஸ்ஸில் ஜிபிஎஸ் வந்த பிறகு காத்திருப்பு குறைந்ததா? அளந்து பார்த்த அனுபவம்

நகரப் பேருந்துகளில் ஜிபிஎஸ் கருவி பொருத்தினால் சேவை மேம்படும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எவ்வளவு மேம்பட்டது என்று கேட்டால், எத்தனை வண்டியில் பொருத்தினோம் என்ற கணக்கு வரும். சுவர்த்திரையில் நகரும் புள்ளிகளைக் காட்டுவார்கள். நிறுத்தத்தில் நிற்பவருக்கு எத்தனை நிமிடம் மிச்சமானது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்த ஒரு எண்ணை எடுக்க எங்கள் சிறு குழு இறங்கியது. இப்போது கருவித் தரவிலிருந்து வரும் எண்ணும், நிறுத்தத்தில் ஆள் உட்கார்ந்து கடிகாரம் பார்த்து எழுதிய எண்ணும் ஒத்துப்போகின்றன. எந்த வரிசையில் செய்தோம், எது சரிவரவில்லை, உழைப்பும் செலவும் எங்கே போயின என்பதை, இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

திரையை மூடி வைத்த காலம்

கருவி வருவதற்கு முன் சேவை எப்படி இருந்தது என்பதற்குத் தரவே கிடையாது. டைம் கீப்பரின் நோட்டில் முனையத்திலிருந்து புறப்பட்ட நேரம் இருக்கும். வழியில் உள்ள நிறுத்தங்களை வண்டி எப்போது கடந்தது என்பது எங்கும் பதிவாகவில்லை. பலனைத் தர வேண்டிய கருவியே பலனை அளக்கும் கருவியாகவும் இருக்கிறது என்பதுதான் இந்த வேலையின் அடிப்படைச் சிக்கல். பொருத்திய அன்றே கட்டுப்பாட்டு அறையில் திரையைத் திறந்துவிட்டால், 'முன்பு எப்படி இருந்தது' என்ற பாதி அங்கேயே தொலைந்துவிடும். அதை அப்புறம் என்ன செய்தாலும் மீட்க முடியாது.

அதனால் கருவிகளைப் பொருத்தி, தரவைச் சேர்த்து, யாருக்கும் காட்டாமல் சில வாரங்கள் ஓட விட்டோம். காசு கொடுத்து வாங்கிய பொருளை மூடி வைப்பதா என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 'இந்தச் செலவு வீண்' என்று நாளை யாராவது சொன்னால் பதில் சொல்ல உங்களிடம் இது ஒன்றுதான் இருக்கும் என்று விளக்கிய பிறகே சம்மதம் கிடைத்தது. இந்த வேலையில் வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இப்போது இன்னும் உறுதியாக நினைக்கிறேன்.

ஓட்டுநர்களிடம் மறைக்கவில்லை. தலைக்கு மேல் ஒரு கருவி இருக்கிறது, அது எதற்கு, இந்தத் தரவை வைத்து யார் மீதும் நடவடிக்கை கிடையாது என்பதை எழுத்தில் கொடுத்தோம். ஆள் பார்க்கிறார் என்று தெரிந்தால் முதல் சில நாட்கள் ஓட்டும் விதமே மாறும் என்பதால் அந்த நாட்களின் தரவைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் கடிதம் இல்லையென்றால் ஆன்டெனா வயர்கள் 'தானாகவே' கழன்றிருக்கும் என்று பழைய மெக்கானிக் ஒருவர் எச்சரித்தார். அவர் சொன்னதை முழுக்க ஏற்கிறேன்.

வயரிங்

பெரிய பஸ்களில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் மின்சாரம்தான். அதனால் 9 முதல் 36 வோல்ட் வரை தாங்கும் கருவியையே தேர்ந்தெடுத்தோம். மூன்று வயர் போதும்: நேர் மின்சாரம், எர்த், இக்னிஷன். இக்னிஷன் வயரை அலட்சியம் செய்ய வேண்டாம். வண்டி நிற்கிறதா, இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்கிறதா என்று பிரித்துச் சொல்வது அது ஒன்றுதான்.

நேர் மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் முதல் பிரச்சினை வந்தது. இரவு பணிமனையில் வண்டியை நிறுத்தியதும் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை அணைப்பது பல இடங்களில் வழக்கம். சுவிட்சுக்கு அப்பால் இணைத்த கருவிகள் இரவோடு இரவாக அணைந்து, காலையில் எல்லாவற்றையும் மறந்து எழுந்தன. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் தன் துல்லியமான பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் பொதுப் பட்டியல் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். திறந்த வெளியில் கருவி சீக்கிரம் விழித்துக்கொள்ளும். தகரக் கூரைக்கு அடியில் அப்படி இல்லை. விளைவாக, முதல் நடையின் (ட்ரிப்பின்) தொடக்கம் பல வண்டிகளில் பதிவே ஆகவில்லை. சுவிட்சுக்கு முன்பாகவே, தனி ஃபியூஸ் வைத்து இணைப்பை மாற்றியதும் சரியானது. உள்ளே சிறு பேட்டரி உள்ள கருவியாக இருந்தால் இன்னும் நல்லது. செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் சரிந்து கருவி மறுதொடக்கம் ஆவதையும் அது தடுக்கும்.

ஆன்டெனா டேஷ்போர்டின் பிளாஸ்டிக்குக்கு அடியில் இருந்தால் போதும். உலோகத் தகட்டுக்கு அடியில் வைக்கவே கூடாது. வண்டியைக் கழுவும்போது தண்ணீர் ஒழுகும் பாதையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழுதான கருவிகளைத் திறந்து பார்த்தபோது ஈரத்தால் பச்சை பூத்த கனெக்டர்கள்தான் அதிகம் இருந்தன.

எத்தனை விநாடிக்கு ஒருமுறை இருப்பிடம் அனுப்புவது? விற்பவர்கள் 30 விநாடி என்று வைத்துத் தந்தார்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ் 30 விநாடியில் சுமார் 165 மீட்டர் போய்விடும். நிறுத்தத்தில் யாரும் ஏறாமல், இறங்காமல் வண்டி தாண்டிவிட்டால் அந்த நிறுத்தத்துக்கு அருகில் ஒரு புள்ளிகூட விழாது. 10 விநாடி என்றால் 55 மீட்டர், அது போதும். டேட்டா செலவு கூடுமே என்று பயந்தார்கள். ஒரு செய்தி 100 பைட். நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் 5,760 செய்திகள். அனுப்பும் நெறிமுறையின் கூடுதல் சுமையைச் சேர்த்தாலும் நாளுக்கு ஏறத்தாழ 1 எம்பி, மாதத்துக்கு 30 எம்பி. இதற்காகத் துல்லியத்தைக் குறைப்பதில் அர்த்தமே இல்லை.

தரவைச் சுத்தம் செய்தது

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் இதே பள்ளங்களைத்தான் தாண்டுகிறார்கள். ஜிபிஎஸ் கருவிகள் பல, இடத்தை டிகிரியும் நிமிடமும் ஒட்டிய வடிவில் தரும். 1030.00 என்று வந்தால் அது 10 டிகிரி 30 நிமிடம், அதாவது தசமத்தில் 10.5. அதை 10.30 என்று படித்தால் வண்டி 22 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். நேரம் உலகப் பொது நேரத்தில் வரும். உள்ளூர் நேரமாக மாற்றாவிட்டால் பீக் நேரமே இடம் மாறிவிடும். வேகம் 'நாட்' (மணிக்கு ஒரு கடல் மைல்) என்ற அலகில் வந்தால், மணிக்குக் கிலோமீட்டராக்க 1.852-ஆல் பெருக்க வேண்டும். நெட்வொர்க் இல்லாத இடத்தில் கருவி செய்திகளைச் சேமித்து வைத்து, சிக்னல் வந்ததும் மொத்தமாகக் கொட்டும். அதனால் செய்தி சர்வருக்கு வந்த நேரத்தைத் தொடவே கூடாது. கருவி பதித்த நேரம்தான் கணக்கு.

உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவர்களில் மோதி வருவதால் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவும். 10 விநாடியில் ஒரு பஸ் போகவே முடியாத தூரத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் புள்ளிகளை நீக்கினோம். எல்லாவற்றையும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், இடத் தரவைக் கையாளும் போஸ்ட்ஜிஐஎஸ் சேர்த்து வைத்தோம். வரைபடத்தில் கண்ணால் பார்க்க க்யூஜிஐஎஸ், கணக்குக்குப் பைத்தான். நான்குமே இலவச மென்பொருள்கள்.

அடுத்து, நிறுத்தத்தைக் கடந்த நேரம். நிறுத்தத்தைச் சுற்றி 40 மீட்டர் வட்டம் போட்டு, வண்டி உள்ளே வந்தால் 'வந்தது' என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாரும் முதலில் நினைக்கும் வழி. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம், அது சரிவரவில்லை. எதிர்த் திசையில் போகும் வண்டியும் அதே வட்டத்தைத் தொடும். நிறுத்தத்தின் பக்கத்தில் சிக்னல் இருந்தால் சிவப்பு விளக்கில் நிற்கும் நேரமும் பயணிகள் ஏறும் நேரமாகச் சேர்ந்துவிடும். முனையத்தில் வண்டி திரும்பும்போது ஒரே வட்டத்துக்குள் பலமுறை நுழைந்து வெளியேறும்.

மாற்று வழி இது. தடத்தை ஒரு கோடாக வரைந்து, ஒவ்வொரு புள்ளியையும் அந்தக் கோட்டின் மேல் இறக்கி, தொடக்கத்திலிருந்து எத்தனை மீட்டர் வந்திருக்கிறது என்று ஒரே ஓர் எண்ணாக மாற்றினோம். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் போகும் திசை. இறங்கினால் வரும் திசை. நிறுத்தம் 3,200-ஆவது மீட்டரில் இருந்தால், வண்டி அந்த எண்ணைத் தாண்டிய இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேரத்தைக் கணித்துவிடலாம். முனையத்துக்கு மட்டும், 100 மீட்டர் வட்டத்தை விட்டுக் கடைசியாக வெளியேறிய நேரமே புறப்பட்ட நேரம். இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் கையால் எழுதிய நேரமும் கணினி நேரமும் சில விநாடி வித்தியாசத்தில் நிற்கத் தொடங்கின.

எதை அளப்பது

நேரம் தவறாமை சதவீதம் என்பதுதான் வழக்கமான அளவு. கால அட்டவணைக்கு ஒரு நிமிடம் முன்பிலிருந்து ஐந்து நிமிடம் பின்பு வரை வந்தால் சரி, இல்லையென்றால் தவறு. மணிக்கு ஒரு வண்டி, இரண்டு வண்டி ஓடும் தடங்களுக்கு இது பொருத்தம், ஏனென்றால் அங்கே மக்கள் அட்டவணை பார்த்து வருகிறார்கள். அங்கே தாமதத்தைவிட முன்கூட்டியே போய்விடுவதுதான் பெரிய குற்றம். ஒரு நிமிடம் முந்திப் போன வண்டி பயணியை ஒரு மணி நேரம் நிறுத்திவிடும்.

10 நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும் தடத்தில் யாரும் அட்டவணை பார்ப்பதில்லை, வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது சீரான இடைவெளி. எல்லா வண்டியும் ஒரே அளவில் எட்டு நிமிடம் தாமதமாக ஓடினால் நேரம் தவறாமை சுழியம். பயணிக்கோ ஒரு நிமிடம்கூடக் கூடுதல் காத்திருப்பு இல்லை. அதனால் நாங்கள் எடுத்தது கூடுதல் காத்திருப்பு நேரம். லண்டனில் மணிக்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பஸ் ஓடும் தடங்களை இந்த அளவால்தான் எடைபோடுகிறார்கள். 2001 முதல் பஸ் ஓட்டும் நிறுவனங்களுக்கான ஊக்கத்தொகையும் பிடித்தமும் அங்கே இதனுடன் பிணைந்திருக்கின்றன.

கணக்கு எளிது. ஒரு நிறுத்தத்தில் அடுத்தடுத்த வண்டிகளின் இடைவெளிகளை எடுங்கள். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, இடைவெளிகளின் கூட்டுத்தொகையின் இரு மடங்கால் வகுங்கள். அதுதான் சராசரிக் காத்திருப்பு. இடைவெளி 10, 10 என்றால் 200-ஐ 40-ஆல் வகுத்து 5 நிமிடம். அதே இரண்டு வண்டிகள் 2, 18 என்று ஒட்டிக்கொண்டு வந்தால் 328-ஐ 40-ஆல் வகுத்து 8.2 நிமிடம். சராசரி இடைவெளி இரண்டிலும் 10 தான், ஓடிய நடைகளும் ஒன்றே. பயணி மட்டும் 3.2 நிமிடம் கூடுதலாக நிற்கிறார். அந்த 3.2-தான் நாம் தேடும் எண். 18 நிமிட இடைவெளியில் வந்து சேர்பவர்களே அதிகம் பேர் என்பதால் பெரிய இடைவெளிக்குக் கூடுதல் எடை விழுகிறது. அதை இந்த வர்க்கம் பார்த்துக்கொள்கிறது.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. எந்த வண்டி எந்த நடையை ஓட்டுகிறது என்று தெரிய வேண்டியதே இல்லை. காலையில் ஒரு வண்டி பழுதாகி ஸ்பேர் வண்டி போயிருக்கும்; டியூட்டி ஷீட்டில் பழைய எண்ணே இருக்கும். ஷீட்டையும் வண்டியையும் பொருத்திப் பார்க்கும் வேலையில் உழைப்பு கரைந்துகொண்டே போனது. இடைவெளிக் கணக்குக்கு அது தேவையில்லை என்று உணர்ந்ததும் பெரிய பாரம் இறங்கியது.

பொய்யான முன்னேற்றம்

இந்தப் பதிவில் ஒரு பத்தியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். ஒரு வண்டியின் கருவி பேசாமல் போனால், அந்த வண்டி ஓடினாலும் தரவில் இருக்காது. அதன் முன்னும் பின்னும் இருந்த இரண்டு 10 நிமிட இடைவெளிகள் சேர்ந்து 20 நிமிட இடைவெளியாகத் தெரியும். தொடக்க வாரங்களில் வயரிங் கோளாறுகளால் இப்படி நிறைய நடந்தது. வாரம் செல்லச் செல்ல கோளாறுகளைச் சரி செய்தோம். கூடவே கூடுதல் காத்திருப்பும் அழகாக இறங்கிக்கொண்டே வந்தது. அப்போது திரை திறக்கப்படவே இல்லை! சேவையில் எந்த மாற்றமும் இல்லாமல், எங்கள் வயரிங் தேறியது மட்டும் 'பலன்' என்று வரைபடத்தில் ஏறியிருந்தது. கருவி பொருத்திய முதல் மாதத்தையும் ஆறாவது மாதத்தையும் ஒப்பிட்டு வெளியிடும் எந்த அறிக்கையிலும் இது ஒளிந்திருக்கலாம்.

இதைப் பிரிக்க இரண்டு சாட்சிகள் உதவின. ஒன்று, நடத்துநரின் டிக்கெட் மெஷின். ஒவ்வொரு டிக்கெட்டிலும் நேரமும் வண்டி விவரமும் உண்டு. ஜிபிஎஸ் மௌனமாக இருக்கும்போது டிக்கெட் விழுந்திருந்தால் வண்டி ஓடியிருக்கிறது என்று பொருள். இரண்டு, நிறுத்தத்தில் உட்கார்ந்து வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதிய ஆள். ஒரு தடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் ஓடிய எல்லா வண்டிகளின் கருவிகளும் உயிரோடு இருந்தால் மட்டுமே அந்த மணி நேரத்தைக் கணக்கில் எடுத்தோம். நிறையத் தரவு கழிந்துபோனது. கழிந்தது நல்லதுக்குத்தான்.

திறந்த வாரம், மூடிய வாரம்

திரையைத் திறந்த பின்னும் முன்-பின் ஒப்பீடு மட்டும் போதாது. பள்ளி விடுமுறை வரும், மழை வரும், எங்காவது சாலையைத் தோண்டுவார்கள். ஆகவே தடங்களை இரண்டு குழுவாகப் பிரித்தோம். ஒரு வாரம் முதல் குழுவின் வண்டிகள் திரையில் தெரியும், இரண்டாவது குழுவினுடையவை தெரியாது. அடுத்த வாரம் மாறும். இப்படி மாற்றி மாற்றிப் போகும்போது மழையும் விடுமுறையும் இரண்டு பக்கமும் சமமாக விழும். ஒவ்வொரு மாற்றத்தின் முதல் நாளையும் விட்டுவிட்டோம். திங்களைத் திங்களோடு, காலை எட்டு மணியை எட்டு மணியோடு மட்டும் ஒப்பிட்டோம். வித்தியாசம் தற்செயலா என்று சோதிக்கும்போது ஒவ்வோர் இடைவெளியையும் தனித்தனிச் சான்றாக எண்ணக் கூடாது. காலையில் ஒரு வண்டி கெட்டால் அன்றைய இடைவெளிகள் எல்லாமே சேர்ந்து கெடும். ஒரு நாளை ஓர் அலகாக வைத்தே சோதித்தோம்.

முதல் சுற்று முடிவு ஏமாற்றம்தான். கட்டுப்பாட்டு அறைக்குத் திரை இருந்த வாரங்களிலும் இல்லாத வாரங்களிலும் கூடுதல் காத்திருப்பில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. திரையில் இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு போவது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அதைப் பார்த்த பிறகு என்ன செய்வது என்று யாருக்கும் எந்த அதிகாரமும் எழுதித் தரப்படவில்லை. போனில் 'மெதுவாப் போங்க' என்று சொல்வதோடு நின்றது.

அப்போது நிறுத்தவாரியாக எண்களைப் பிரித்துப் பார்த்தோம். வழியெல்லாம் தெரியும் கூடுதல் காத்திருப்பின் பெரும்பகுதி முனையத்திலேயே பிறந்துவிடுகிறது. முதல் நிறுத்தத்திலேயே 6, 14 என்று கோணலாகப் புறப்படும் வண்டிகள்தான் பாதி வழியில் ஒட்டிக்கொள்கின்றன. முன்னால் நீண்ட இடைவெளி இருக்கும் வண்டிக்குக் கூட்டம் அதிகம், ஏற்ற நேரமாகும், மேலும் பிந்தும். பின்னால் வரும் காலி வண்டி அதைப் பிடித்துவிடும். ஆக, திரை தேவைப்பட்ட இடம் கட்டுப்பாட்டு அறை இல்லை, டைம் கீப்பரின் மேஜை. அவருக்கு ஒரு டேப்லெட் கொடுத்தோம். முன்னால் போன வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, உள்ளே வரும் அடுத்த வண்டி எப்போது சேரும் என்ற இரண்டு எண்கள் மட்டும் பெரிதாகத் தெரியும். அட்டவணை நேரத்தை ஒரு சில நிமிடம் நகர்த்தி இடைவெளியைச் சமன் செய்ய அவருக்கு எழுத்தில் அனுமதியும் வாங்கினோம். அந்தச் சுற்றில்தான் வித்தியாசம் தெளிவாக வந்தது. அதுவும் நடுப்பகுதி நிறுத்தங்களில் மிகத் தெளிவாக. அந்த வரைபடம் வந்த அன்று எனக்கிருந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

வழியில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதையும் முயன்றோம். இங்கே லாபத்தை மட்டும் எழுதி நஷ்டத்தை விட்டுவிடுவது சுலபம். ஒரு உதாரணம்: முன்னால் 4 நிமிடம், பின்னால் 16 நிமிடம் இடைவெளி. நடுவில் உள்ள வண்டியை 2 நிமிடம் நிறுத்தினால் 6, 14 ஆகும். காத்திருப்பு 6.8-இலிருந்து 5.8 நிமிடமாகக் குறையும். அடுத்து வரும் நிறுத்தங்களில் அந்த 20 நிமிடத்தில் 120 பேர் ஏறுவார்கள் என்றால் மிச்சம் 120 நிமிடம். ஆனால் வண்டிக்குள் ஏற்கெனவே இருக்கும் 40 பேர் ஆளுக்கு 2 நிமிடம் இழக்கிறார்கள், 80 நிமிடம். நிகர லாபம் 40. உள்ளே 70 பேர் இருந்தால் 140 போய்விடும், நஷ்டம். நிறுத்தத்தில் நிற்கும் நிமிடம் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நிமிடத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு பாரமானது என்று எடைபோடும் வழக்கமும் உண்டு. அப்படி எடுத்தால் இரண்டாவது கணக்கும் லாபப் பக்கம் சாயும். நாங்கள் எடை போடாமல் ஒரு வரி, போட்டு ஒரு வரி என்று இரண்டையும் எழுதினோம். எப்படிப் பார்த்தாலும், உள்ளே ஆள் குறைவாகவும் முன்னால் ஏறப்போகிறவர்கள் அதிகமாகவும் இருக்கும் தொடக்கப் பகுதிதான் நிறுத்த உகந்த இடம்.

மற்ற பலன்கள்

நிர்வாகத்தின் கண்ணில் பெரிதாகப் பட்டது ஓட்ட நேரம். ஒரு முழுச் சுற்றுக்கு முனைய ஓய்வையும் சேர்த்து 100 நிமிடம், 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் 10 வண்டி வேண்டும். உண்மையான ஓட்ட நேரத்தை நேரவாரியாக எடுத்துப் பார்த்தால், மதியத்தில் 90 நிமிடம் போதும் என்று தெரியலாம். ஒரு வண்டி மிச்சம். மாலையில் 110 வேண்டும் என்றும் தெரியலாம். அப்போது ஒரு வண்டி கூடுதலாகக் கேட்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள் என்பது என் வேண்டுகோள். மதிய மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மாலையில் ஓட்டுநர் தேநீர் குடிக்கக்கூட நேரமில்லாமல் ஓடுவதை விட்டுவிட்டால், அடுத்த மாதமே இடைவெளிகள் மறுபடி கலையும். சராசரியை வைத்து அட்டவணை போடாமல், பத்தில் எட்டு, ஒன்பது நடைகள் முடிந்துவிடும் நேரத்தை வைத்துப் போட்டோம்.

இக்னிஷன் வயரால் வேகம் சுழியம், இன்ஜின் ஓட்டத்தில் என்ற நேரத்தை வண்டிவாரியாகக் கூட்ட முடிந்தது. முனையங்களில்தான் அதிகம். இதற்குத் தண்டனை எதுவும் இல்லை. வாராந்தரப் பட்டியலைப் பணிமனைப் பலகையில் தட எண்ணோடு மட்டும், பெயர் இல்லாமல் ஒட்டினோம். டீசல் மிச்சத்தைத் தனியாக அளக்க முடியவில்லை. வண்டி பராமரிப்பு, கூட்டம், ஓட்டும் விதம் எல்லாம் அதே லிட்டர் கணக்கில் கலந்திருப்பதால் அதைப் பலன் பட்டியலில் சேர்க்கவில்லை.

பயணிகளுக்கு நேரலைத் தகவல் தருவதைக் கடைசியாக வைத்தோம், ஏனென்றால் அதை வாரத்துக்கு வாரம் திறந்து மூட முடியாது. தரவை, பயணச் செயலிகள் படிக்கும் பொது வடிவமான ஜிடிஎஃப்எஸ் ரியல்டைமில் வெளியிட்டோம். நடைகளின் மாற்றம், வண்டியின் இருப்பிடம், சேவை அறிவிப்பு என்று மூன்று முக்கியப் பகுதிகள் அதில் உண்டு. இருப்பிடத்தை மட்டும் முதலில் கொடுத்தோம். இங்கே அளக்க வேண்டியது வேறு. அமெரிக்காவின் சியாட்டிலில் ஒன்பஸ்அவே என்ற செயலியைப் பயன்படுத்துவோரை வைத்து 2011-இல் வெளியான ஆய்வில், நேரலைத் தகவல் பார்த்து வருபவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 நிமிடம் குறைவாகக் காத்திருந்தார்கள். தகவல் இல்லாதவர்களுக்கு, உண்மையில் நின்ற நேரத்தைவிட அதிகம் நின்றதாகத் தோன்றவும் செய்தது. வண்டி ஒரு விநாடிகூட முந்தி வராமலே கிடைக்கும் பலன் இது. இடைவெளிக் கணக்கில் தெரியவே தெரியாது. அதனால் நிறுத்தத்தில் ஒருவர் வந்து நின்ற நேரத்தை ஓரமாக நின்று குறித்து, வண்டி வரும்போது 'எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?' என்று கேட்டு இரண்டையும் எழுதும் படிவம் ஒன்றைத் தயாரித்தோம். அந்த வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

செலவும் அடுத்த முறையும்

கருவியின் விலையை எல்லாரும் கேட்கிறார்கள். தொடர்ந்து பணம் தின்பது அது இல்லை. சிம் சந்தா, பழுதான கருவியைக் கழற்றி மாற்றும் எலக்ட்ரீஷியனின் நேரம், தினமும் எந்தக் கருவி மௌனம் என்று பார்த்துப் பணிமனைக்குப் போன் செய்யும் ஓர் ஆள் ஆகிய மூன்றும்தான். இந்த மூன்றாவது ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காத திட்டம் ஓராண்டுக்குள் அரைகுறைத் தரவோடு நிற்கும். நிறுத்தத்தில் கையால் எழுதும் ஆட்களுக்கான செலவை 'கருவிதான் இருக்கிறதே' என்று வெட்டப் பார்ப்பார்கள். அதற்காகச் சண்டை போடுங்கள்.

அடுத்த தொகுதி வண்டிகளுக்கு மாற்றங்களை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. கதவு சுவிட்சிலிருந்து நான்காவதாக ஒரு வயர் வரும். கதவு திறந்த நேரம் தெரிந்தால் சிக்னலில் நின்றதும் பயணி ஏறியதும் தனித்தனியாகப் பிரியும். டிக்கெட் மெஷின்களின் கடிகாரம் காலையில் பணிமனையிலேயே ஒரே நேரத்துக்குத் திருத்தப்படும். இப்போது ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டுவதால் இரண்டு தரவையும் பொருத்துவது பெரும்பாடாக இருக்கிறது. டைம் கீப்பரின் டேப்லெட் கட்டுப்பாட்டு அறைத் திரைக்கு முன்பே தயாராகிவிடும். மூடிய வாரங்களும் இந்த முறை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன, நடுவில் யாரும் 'திறந்துவிடுங்கள்' என்று கேட்காதபடி.